பத்தொன்பது எண்ணும் வரை

அவளை ஊரில் எல்லோரும் 'எண்ணிக்கை' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேலை பார்க்கும் ஷெட்டின் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அதற்கு வெளியே வந்ததில்லை. எதையும் எண்ணாமல் அவளால் இருக்க முடியாது. வீட்டு வாசலிலிருந்து தெருக்குழாய்க்கு நாற்பத்திரண்டு அடி. அங்கிருந்து ஷெட் கேட்டுக்கு முந்நூற்றுப் பதினெட்டு. குடம் நிறைவதற்கு அறுபத்தேழு எண்ண வேண்டும். தண்ணீர் மெதுவாக வருகிற நாளில் தொண்ணூறு.

"நல்லவேளை, நான் சொல்ற பொய்யை மட்டும் எண்ணாம விட்டுட்டா" என்று, பஞ்சர் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே சொல்வான்.

"எனக்கு அவ்வளவு பெரிய நம்பர் தெரியாது" என்பாள்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்ததாம். கடைசி நாளில் கரும்பலகையில் இருந்த கணக்குக்கு விடை சொல்லாமல் வந்துவிட்டேன் என்று முப்பது வருஷம் கழித்தும் குறைப்பட்டுக்கொள்வாள். கேட்டால் விடையையும் சொல்வாள்.

அவளைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். அவள் வேலை பார்க்கும் உருளைக்கிழங்கு ஷெட்டில் பதினோரு வருஷம் சுவிட்ச் அறையில் உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு தலையில் லாரி கிழங்கைக் கொட்டும். நடுவில் பெல்ட் ஓடும். இரண்டு பக்கமும் பதினான்கு பதினான்கு பெண்கள் நின்று அழுகல், பச்சை, வெட்டுப்பட்டது என்று பொறுக்கி எறிவார்கள். நல்லது மறுதலையில் மூட்டையாகும். என் அறை மூன்று படி உயரத்தில், கண்ணாடி ஜன்னலோடு இருக்கும். ஒரு ஸ்டூல், ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். பச்சை அமுக்கினால் ஓடும், சிவப்பு அமுக்கினால் நிற்கும். இதற்கும் ஒரு ஆளா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

மோட்டார் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் ஷெட்டில் கைதான் பேசும். இரண்டு விரல் காட்டினால் மூட்டை வேண்டும். உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினால் மெதுவாக ஓட்டு. முஷ்டியை மடக்கித் தலைக்கு மேலே தூக்கினால் நிறுத்து. முதல் இரண்டையும் விளையாட்டுக்குக் காட்டலாம். மூன்றாவதைக் கூடாது. சாப்பாட்டுக் கூடையோடு வரும் குழந்தைகள் தெரியாமல் முஷ்டியைத் தூக்கினால்கூட முதுகில் ஒன்று விழும்.

இனி, எனக்குச் சொல்லப் பிடிக்காத ஒன்று. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைத்துச் சொன்னால் கதை சுவாரஸ்யமாக இருக்கும். நான்தான் இன்னும் கேவலமாகிவிடுவேன்.

எண்ணிக்கையின் நாத்தனாரும் அந்த பெல்ட்டில்தான் வேலை பார்த்தாள். புருஷனுடைய தங்கை, அதே வீட்டில் இருப்பவள், வாய்க்கு வாய் பதில் வைத்திருப்பவள். பெல்ட் முடிகிற இடத்தில் இரும்பு உருளை ஒன்று சுற்றும். அதில் மண் அப்பினால் பெல்ட் ஒரு பக்கமாக இழுக்கும். நிறுத்தித்தான் சுரண்ட வேண்டும். நிறுத்தினால் லாரி காத்திருக்கும், முதலாளி முகம் சுளிப்பார் என்று ஓடும்போதே சுரண்டுவது பழக்கமாகிவிட்டது. ஒரு பருவத்தில் ஒரு நாள் அப்படிச் சுரண்டும்போது நாத்தனாரின் கையுறை பெல்ட்டின் இணைப்பில் மாட்டியது. எதிர்ப்பக்கம் நின்ற எண்ணிக்கை முஷ்டியைத் தூக்கினாள். தூக்கின நொடியிலேயே, வழக்கப்படி, எண்ணவும் ஆரம்பித்துவிட்டாள். பெல்ட் நின்றபோது பத்தொன்பது.

உடனே நின்றிருந்தால் தோல் உரிந்ததோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். இரண்டு விரல் போயிற்று.

அந்தப் பத்தொன்பதும் ஓடும்போது நான் என் ஸ்டூலில் இல்லை. முதலாளி வாட்ச்மேனை வேலையிலிருந்து நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து கேட் திறப்பதும் என் தலையில்தான். இரண்டு நீள ஹாரன், ஒரு குட்டை ஹாரன் கேட்டால் முதலாளியின் கார். அரை நிமிஷம் தாமதித்தால் திட்டு. அன்று அந்த ஹாரனைக் கேட்டு ஓடினேன். கேட்டைத் திறந்து, சலாம் போட்டுத் திரும்பும்போது உள்ளே அலறல். ஓடி வந்து சிவப்பை அமுக்கினேன்.

மறுநாள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். 'பணியாளரின் கவனக்குறைவு. சுவிட்ச் இயக்குபவர் தன் இடத்தில் இருந்தார், சைகையைக் கண்டவுடன் நிறுத்தினார்.' முதலாளி நீட்டினார், நான் போட்டேன். வீட்டில் நாலு வயிறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு எல்லோர் கண்ணும் உருளையில்தான் இருந்திருக்கும், ஜன்னலை யார் பார்த்திருப்பார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து எண்ணிக்கை முதலாளியிடம் போனாள். அழவில்லை, சண்டை போடவில்லை.

"ஒரு கயிறு வேணும் ஐயா. பெல்ட்டோட இந்தத் தலையிலேர்ந்து அந்தத் தலை வரைக்கும். யாரு இழுத்தாலும் மோட்டார் நிக்கணும். பெரிய ஷெட்டுல எல்லாம் இருக்காம்."

முதலாளி கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. நாத்தனாரைத் தன் காரில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர். சீட்டெல்லாம் ரத்தம். ஆனால் கயிறு என்றதும் சிரித்துவிட்டார்.

"கயிறு கட்டினா ஆளாளுக்கு இழுத்து விளையாடுவீங்கம்மா. நின்னு நின்னு ஓடினா மோட்டார் என்னத்துக்கு ஆகும்? சுவிட்ச்சுக்கு ஆள் இருக்காரில்ல?"

ஆள் இருந்தான். தலையைக் குனிந்துகொண்டு. அவள் மூன்று முறை போய்க் கேட்டாள். மூன்று முறையும் அதே பதில். மூன்றாவது தடவை அந்தப் பதிலில் எத்தனை வார்த்தை என்று எனக்கே சொன்னாள்.

இந்த நிலைமையில்தான் ஊருக்கு ஒரு பழைய வேன் வந்தது. உள்ளே இரண்டு பேர். ஆட்டக்காரம்மா: நாற்பது நாற்பத்தைந்து வயது, ஒட்ட வெட்டின முடி, நின்ற இடத்தில் நிற்காத கால்கள். தாளக்காரர்: அவருடைய கணவர், ஒல்லி, எதைக் கண்டாலும் தட்டிப் பார்க்கிறவர். பஞ்சர் கடையில் வேனை நிறுத்திய ஐந்தாவது நிமிஷம் அவர் ஸ்டெப்னி டயரில் தாளம் போட்டதாக எண்ணிக்கையின் புருஷன் இன்றும் சொல்வான். பாழாய்க் கிடந்த விதைக் குடோனை வாடகைக்கு எடுத்து, கூட்டிப் பெருக்கி, அங்கேயே தங்கினார்கள். ஊர் ஊராகப் போய், அங்கங்கே வேலை செய்கிறவர்களை வைத்தே நாட்டிய நாடகம் போடுவது அவர்கள் தொழில்.

"நாங்க எந்தக் கதையும் கொண்டு வரல. இங்க இருக்கறதைத்தான் எடுக்கப் போறோம்" என்றார் ஆட்டக்காரம்மா, ஷெட் வாசலில் நின்று.

"இங்க உருளைக்கிழங்குதான் இருக்கு. எடுத்துக்குங்க" என்றாள் ஒருத்தி.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் இரண்டு வாரம் அந்த ஊர் வேலையைச் செய்வார்கள். அதற்குப் பிறகுதான் ஆட்டம். சும்மா வேலை செய்ய இரண்டு பேர் வருகிறோம் என்றால் எந்த முதலாளிக்குக் கசக்கும்? பெல்ட்டில் நிற்க வைத்தார். இத்தனை வருஷத்தில் ஆட்டக்காரம்மாவைப் போல மோசமான ஆளை நான் பார்த்ததில்லை. அழுகலை நல்லதோடு அனுப்புவார், நல்லதை அழுகலோடு எறிவார். கேட்டால், "கையைப் பார்த்துக்கிட்டிருந்தேன், கிழங்கைப் பார்க்கல" என்பார்.

நான்காம் நாள் அந்தக் காரியம் நடந்தது. இருபத்தெட்டு ஜோடி மணிக்கட்டுகள் ஒரே வேகத்தில் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு ஏதோ பிடிபட்டிருக்கிறது. சந்தோஷம் தாங்காமல் முஷ்டியை மடக்கித் தலைக்கு மேலே ஒரு வீசு வீசினார்.

என் கை சிவப்பை அமுக்கிவிட்டது. மோட்டார் அடங்கியது. பெண்கள் ஒவ்வொருத்தியும் முதலில் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு பக்கத்தில் இருப்பவளின் கையை. அந்த அமைதியில் எண்ணிக்கை நடந்து வந்தாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலக்கா. சும்மா... ஒரு அசைவு தோணுச்சு."

"சும்மாவா?" அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. "இது சும்மா தூக்கற கை இல்ல. இன்னைக்கு நீங்க சும்மா தூக்குவீங்க. நாளைக்கு இவ தூக்குவா. நாளன்னைக்கு ரூம்ல இருக்கற அண்ணன், சும்மாதான் தூக்கறாங்கன்னு விட்டுடுவாரு. அப்புறம் ஒருத்தி நெஜமா தூக்கினா யாரு நிறுத்துவா? உங்க ஆட்டமா?"

ரூமில் இருக்கும் அண்ணன் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டக்காரம்மா சாக்குச் சொல்லவில்லை. "தப்புதான்" என்றார். ஒருவரிடம் ஒரு வரியில் மன்னிப்புக் கேட்டு நிறுத்திக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே எண்ணிக்கையின் வீட்டுக்குப் போய், அந்த முஷ்டி ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்டார். நாத்தனார் மூலையில் உட்கார்ந்திருந்தாள். வேலை நின்று எட்டு மாதமாகியும் வீட்டுக்குள்கூட ஷெட் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, வலது கையை அதன் பைக்குள்ளேயே வைத்திருப்பாள். சாப்பிடுவது இடது கையால். எண்ணிக்கை பத்தொன்பதையும் கயிற்றையும் சொல்லி முடித்தாள்.

"உங்க ஆட்டத்தால கயிறு வருமா?"

"தெரியல" என்றார் ஆட்டக்காரம்மா. "வராமலும் போயிருக்கு."

பொய் சொல்லாததால்தான் சேர்ந்தேன் என்று பிற்பாடு எண்ணிக்கை என்னிடம் சொன்னாள்.

வேலை முடிந்து சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் குடோனில் ஒத்திகை. முதலில் பதினாறு பேர் வந்தார்கள். ஒரு வாரத்தில் ஏழு பேர் ஆனார்கள். மற்றவர்களுக்குப் புருஷன், மாமியார், முதலாளி என்று ஆளுக்கொரு பயம். எண்ணிக்கையின் புருஷன் மட்டும், "ஆடும்போதும் எண்ணுவியா?" என்று கேட்டான். "நீ வந்து பார்த்தா உன்னையும் சேர்த்து எண்ணுவேன்" என்றாள். கொட்டாவி விட்டுக்கொண்டே தினமும் வந்து வாசலில் உட்கார்ந்தான்.

ஆடுவது என்றால் நான் வேறு ஏதோ நினைத்திருந்தேன். அவர்கள் செய்தது கிழங்கு பொறுக்குவதுதான், கிழங்கு இல்லாமல். குனிவது, புரட்டுவது, எறிவது, இடுப்பில் கை வைத்து ஒரு மூச்சு விடுவது. அதையே மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில். அதே பெல்ட்டில் நிற்கும் என் வீட்டுக்காரியின் முதுகு பதினைந்து வருஷமாக என்ன செய்கிறது என்பதை அங்கே நின்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அவளும் அந்த ஏழில் ஒருத்தி. எனக்குச் சொல்லாமலே சேர்ந்திருந்தாள்.

சண்டை தாளத்தில் வந்தது. ஆட்டக்காரம்மாவுக்கு எல்லாம் எட்டு எட்டாகத்தான் வரும். கை தூக்கி நிற்கும் கட்டத்தை இரண்டு எட்டு, அதாவது பதினாறு, என்று வைத்தார்.

"பத்தொம்போது" என்றாள் எண்ணிக்கை.

"அக்கா, பத்தொன்பதுன்னா தாளம் நொண்டும்" என்றார் தாளக்காரர். "இருபத்திநாலா வேணா நீட்டிக்கலாம். இன்னும் அழுத்தமா இருக்கும்."

"என் நாத்தனார் விரல் போனது பதினாறுலயும் இல்ல, இருபத்திநாலுலயும் இல்ல."

"பார்க்கறவங்க யாரும் எண்ண மாட்டாங்க அக்கா" என்றார் ஆட்டக்காரம்மா. இருவரும் ஒருவரை ஒருவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யார் மூத்தவர் என்பதை இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் எண்ணுவேன்."

தாளக்காரர் இரண்டு நாள் தகரப் பெட்டியோடு மல்லுக்கட்டினார். மூன்றாம் நாள் பதினாறு தட்டித் தாளத்தை முடிக்கிற இடத்தில் முடிக்காமல், மேலும் மூன்று தட்டு தட்டினார். கேட்டவர்களுக்கு நெஞ்சு எங்கோ கால் தவறி விழுந்தது. "நீங்க சொன்னதுதான் சரி" என்றார். அவள் தலையாட்டினாள், அவளுக்கு அது எப்போதோ தெரியும்.

முஷ்டியில்தான் அவள் கடைசிவரை இறங்கி வரவில்லை. பொய்யாகத் தூக்க மாட்டேன் என்றுவிட்டாள். குடோனில் எல்லோரும் விரித்த கையைத்தான் தூக்கினார்கள். முஷ்டி இல்லாமல் நாடகமே இல்லை என்று ஆட்டக்காரம்மா தவித்தார். அதற்கும் வழி சொன்னவள் எண்ணிக்கைதான். ஷெட்டிலேயே, ஓடும் பெல்ட்டில் நடத்துவோம். ஒரு கையுறைக்குள் கிழங்கை அடைத்து பெல்ட்டில் விடுவோம். அது உருளைக்குப் போனால் நசுங்கும். அதைக் காப்பாற்றத் தூக்கினால் அது நெஜம்தானே?

"அண்ணே, நீங்களும் ஆடணும்" என்று என் அறைக்கு வந்து நின்றாள்.

"எனக்கு முட்டி வலி."

"ஸ்டூல்ல உக்காந்தே ஆடுங்க."

முதலாளி உடனே சம்மதித்தார். பருவத்தின் கடைசி லோடு போகும் நாளில், கிழங்கு வாங்கும் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் ஷெட்டைப் பார்க்க வருவார்கள். அன்றைக்கு 'உழைப்பைப் பற்றி ஒரு ஆட்டம்' என்றால் கசக்குமா? மதிய இடைவேளையில் வெறும் பெல்ட்டை ஓட்டி ஒத்திகை பார்க்க அனுமதி தந்தார். கையுறை பெல்ட்டில் போகும். அவள் முஷ்டி உயரும். ஒன்று, இரண்டு; நான் சிவப்பை அமுக்கிவிடுவேன். பெண்கள் ஓடிப் போய்க் கையுறையை எடுத்துத் தூசி தட்டுவார்கள். பன்னிரண்டு ஒத்திகையிலும் ஒரு நூல்கூடப் பிரியாமல் தப்பித்தது. அதற்குச் 'சின்னவ' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நாடகம் இப்படித்தான் முடியப்போகிறது, நல்ல சுவிட்ச்சுக்காரன் காப்பாற்றிவிட்டான் என்று, நானும் வெட்கமில்லாமல் உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தேன்.

நாடகத்துக்கு முந்தின நாள் மதியம் எண்ணிக்கை மறுபடி என் மூன்று படிகளில் ஏறினாள். பின்னால் ஆட்டக்காரம்மா. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அக்கா, இன்னொரு தடவை யோசிச்சுக்கங்க" என்றார் அவளிடம். "நாங்க வேன்ல ஏறிப் போயிடுவோம். நீங்கதான் இங்கயே இருக்கணும். அவரும் இருக்கணும்."

"யோசிச்சாச்சு" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, அன்னைக்கு நான் கையைத் தூக்கிட்டு ஜன்னலைத்தான் பார்த்தேன். ஸ்டூல் காலியா இருந்துச்சு" என்றாள்.

ஒன்பது மாதம். ஒவ்வொரு நாளும் என்னைப் பார்த்து, 'சாப்பிட்டீங்களா அண்ணே' என்று கேட்டுக்கொண்டிருந்தவள்.

"ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு. தப்பு செஞ்ச ஆள் போயாச்சு, விஷயம் முடிஞ்சுதுன்னு இருப்பாரு. இந்த ஸ்டூல்ல வேற ஒருத்தர் உக்காந்திருப்பாரு. ஹாரன் அடிச்சா அவரும்தான் ஓடுவாரு. எனக்கு ஆளை மாத்த வேண்டாம். கயிறு வேணும்."

நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றேன்.

"நாளைக்கு நான் கையைத் தூக்கும்போது, அன்னைக்கு எங்க இருந்தீங்களோ அங்க இருங்க. முடியலன்னா சிவப்பை அமுக்கிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன். ஆனா எண்ணறதை மட்டும் நிறுத்த மாட்டேன்."

மறுநாள் பிற்பகல் மூன்று மணி. கடைசி லோடு போய்விட்டது. ஷெட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். ஊர் சனம் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. முன்னால் மூன்று நாற்காலி: நடுவில் முதலாளி, இரு பக்கமும் கம்பெனிக்காரர்கள். நான் பச்சையை அமுக்கினேன். பெல்ட் ஓடியது; கிழங்கு இல்லாததால் இரைச்சல் பாதிதான். தாளக்காரர் மோட்டாரின் இரைச்சலுக்கு மேலே தகரத்தைத் தட்டினார். ஏழு பெண்களும் பெல்ட்டின் இரு பக்கமும் வந்து நின்று பொறுக்க ஆரம்பித்தார்கள். இல்லாத கிழங்கை அவர்கள் புரட்டின அழகில் முதலாளியே கழுத்தை நீட்டிப் பார்த்தார். நடுவில் முதுகு நிமிர்த்துவது, ஒருத்தியை ஒருத்தி இடிப்பது, அழுகலை முகர்ந்து முகம் சுளிப்பது என்று வந்தபோது சனம் சிரித்தது. முதலாளியும் சிரித்தார். கம்பெனிக்காரர் ஒருவர் கை தட்டினார்.

அப்போது ஹாரன் அடித்தது. இரண்டு நீளம், ஒரு குட்டை. எண்ணிக்கையின் புருஷன் பஞ்சர் கடையிலிருந்து பழைய லாரி ஹாரனையும் பேட்டரியையும் தூக்கிவந்து கேட் அருகே உட்கார்ந்திருந்தான்.

சிரிப்பு நின்றது. அந்த ஹாரன் ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். முதலாளி, தன் காரை யாரோ எடுத்துவிட்டார்கள் என்பதுபோல் திரும்பிப் பார்த்தார்.

எண்ணிக்கை கையுறையை பெல்ட்டில் வைத்தாள். முஷ்டியைத் தூக்கினாள்.

என் கை சிவப்புக்கு மேலே இருந்தது. அதை அங்கிருந்து எடுப்பது என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான வேலை. எழுந்தேன். மூன்று படி இறங்கி, நாற்காலிகளைத் தாண்டி, அன்றைக்கு ஓடின அதே வழியில் கேட்டை நோக்கி ஓடினேன். முட்டி வலித்தது.

"ஒண்ணு" என்றாள் அவள். "ரெண்டு. மூணு." அவளோடு மற்ற ஆறு பேரும் எண்ணினார்கள். எங்கள் வீட்டுக்காரியின் குரலும் அதில் இருந்தது. எட்டாவதில் மூட்டைகள் மேல் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சின்னவ, ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் பெல்ட்டில் போனாள். பதினொன்று. பன்னிரண்டு. கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நானும் எண்ணினேன்.

பதினான்கில் முதலாளி எழுந்துவிட்டார். அவர் வலது கை, முஷ்டி மடங்கி, தலைக்கு மேலே தானாக உயர்ந்தது. "யோவ், நிறுத்துய்யா!" என்று கத்திக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார்.

ஸ்டூல் காலியாக இருந்தது.

பதினைந்து. பதினாறு. தாளம் முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை. பதினேழில் கையுறை உருளைக்குள் போயிற்று. கிழங்கு நசுங்கும் சத்தம் மோட்டாரையும் மீறிக் கேட்டது. பதினெட்டு. பத்தொன்பது.

நான் திரும்பி நடந்து வந்தேன், படி ஏறினேன், சிவப்பை அமுக்கினேன். பிறகு இறங்கி வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அன்னைக்கும் இப்படித்தான். நான் கேட்ல இருந்தேன். ரூம்ல இருந்தேன்னு கையெழுத்து போட்டது பொய்."

யாரும் கை தட்டவில்லை. மூட்டைகளின் நடுவிலிருந்து நாத்தனார் எழுந்து வந்தாள். அவள் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, எண்ணிக்கை உட்பட. ஏப்ரன் பையிலிருந்து வலது கையை எடுத்தாள். சுவரில் சாய்த்திருந்த சுரண்டியை அந்த மூன்று விரலால் பிடித்து, உருளையில் சிக்கியிருந்த துணியை நிதானமாகச் சுரண்டி எடுத்தாள். கம்பெனிக்காரர்களைத் திரும்பிப் பார்த்து, "பெல்ட் நின்னப்புறம்தான் சுத்தம் பண்ணணும். ஆனா இங்க அப்படிப் பண்ண விடறதில்ல" என்றாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு ஊர் கேட்ட முதல் வாய்ப்பேச்சு.

முதலாளி கையை இறக்க மறந்து நின்றுகொண்டிருந்தார். அதைத் தானே பார்த்துவிட்டு, மெல்ல இறக்கினார். எண்ணிக்கையைப் பார்த்தார்.

"கயிறு... எவ்வளவு நீளம் வேணும்?"

"இந்தப் பக்கம் முப்பத்தாறு அடி. அந்தப் பக்கம் முப்பத்தாறு. சுத்தி வர்றதுக்கு நாலு" என்றாள், மூச்சு விடாமல்.

இதோடு முடித்துவிட்டால் அழகாக இருக்கும். ஆனால் முதலாளிகளின் கண்ணீர் வீட்டுக்குப் போவதற்குள் காய்ந்துவிடும். அடுத்த பருவம் தொடங்கின அன்று ஷெட்டில் புது பெயின்ட் இருந்தது, கயிறு இல்லை. லாரி வந்து நின்றது. புது சுவிட்ச்சுக்காரர் பச்சையை அமுக்கினார். இருபத்தெட்டு பெண்களும் பெல்ட்டின் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆடின ஏழு பேர் மட்டும் இல்லை, இருபத்தெட்டு பேரும். "கயிறு வரட்டும் ஐயா" என்றாள் எண்ணிக்கை. அன்றைக்கும் கிழங்கு பெல்ட்டில் சும்மா ஓடிற்று, மறுநாளும் ஓடிற்று. மூன்றாம் நாள் காலையில் எலெக்ட்ரீஷியன் வந்தார். மஞ்சள் கயிறு, எழுபத்தாறு அடி. அவள் நடந்து அளந்து பார்த்த பிறகுதான் ஏப்ரனைக் கட்டினாள்.

கிழங்குப் பருவம் இல்லாத மாதங்களில் அவள் இப்போது ஆட்டக்காரம்மாவின் வேனில் போகிறாள். மர அறுவை மில், செங்கல் சூளை, துணி துவைக்கும் ஆலை. எங்கே போனாலும் அங்கே வேலை செய்கிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது ஒரே கேள்விதானாம்: "இங்க மெஷின் நிக்க எத்தனை எண்ணணும்?" அறுவை மில்லில் ஏழு என்றார்களாம். அங்கே தாளம் ஏழில்தான். எட்டாக்கலாமா என்று ஆட்டக்காரம்மா இப்போது கேட்பதில்லை.

என்னை சுவிட்ச் அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நியாயம்தான். பொய்க் கையெழுத்துப் போட்டவனை அந்த ஸ்டூலில் எப்படி விட்டு வைப்பது? வெளியே அனுப்பவும் முதலாளிக்கு மனம் வரவில்லை. ஹாரன் அடித்தது அவராயிற்றே. கேட்டுக்கு ஆள் போட்டார், நான்தான் அந்த ஆள். இந்தக் கதையை கேட் பக்கத்துத் தகரக் கூண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தினமும் காலை எட்டு மணிக்கு மோட்டார் ஓட ஆரம்பிக்கும். கிழங்கு கொட்டுவதற்கு முன்னால் எண்ணிக்கை போய் மஞ்சள் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள். நான் எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே நின்று எண்ணுவேன்.

ஒண்ணு.

மோட்டார் நின்றுவிடும். இதுவரை ஒரு நாளும் இரண்டு எண்ணினதில்லை.